யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குச் சிறு பிள்ளைகளோடு: தேதிக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: சிங்கப்பூரில் செங்காங்கில் வீடு. மகளுக்கு ஐந்து வயது, 104 சென்டிமீட்டர். மகனுக்கு இரண்டரை வயது, 90 சென்டிமீட்டர். ஜூன் விடுமுறையில் திருச்சியிலிருந்து தாத்தா பாட்டி வருகிறார்கள். ஆறு பேரும் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகலாமா, நீண்ட வரிசைகளைத் தாண்டிப் போக உதவும் எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்க வேண்டுமா, என்னென்ன எடுத்துப் போவது?

என் பதில்: ஜூனில் தாத்தா பாட்டியோடு மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்குப் போங்கள். யுனிவர்சலை ஆகஸ்ட்டுக்குத் தள்ளிவையுங்கள், அப்போது நீங்கள் நால்வர் மட்டும் போங்கள். எக்ஸ்பிரஸ் வேண்டாம். ஒரு நாள் தாராளமாகப் போதும், அதுவும் முழு நாளாக இராது. ஆகஸ்ட் என்று சொல்லக் காரணம் உங்கள் மகனுடைய அந்த 90 சென்டிமீட்டர்தான்.

யுனிவர்சலில் வயதைவிட உயரம்தான் பேசும். கேனப்பி ஃபிளையர், என்சான்ட்டட் ஏர்வேஸ் என்ற இரண்டு ரைடுகளுக்கும் குறைந்தது 92 சென்டிமீட்டர் வேண்டும். பஸ் இன் பூட்ஸுக்கு 100. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மினியன் மேஹெம் இரண்டுக்கும் 102. ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107. மம்மிக்கு 122. பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் இரண்டு தடங்களுக்கும் 125. இவற்றில் 122க்குக் கீழே இருக்கும் பிள்ளை எதில் ஏறினாலும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். அளவுகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் போகும் வாரத்தில் பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் மகன் இரண்டே சென்டிமீட்டரில் தவறவிடுகிறான். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்வார்கள். ஆக மூன்று நான்கு மாதத்தில் அவன் 92ஐத் தாண்டிவிடுவான். நான்கு வயதுக்குக் கீழ் நுழைவுக் கட்டணமும் கிடையாது. 92 தாண்டிய பிறகு, நான்கு நிறைவதற்கு முன்: செலவில்லாமலும் அவன் ஏதாவதொன்றில் ஏறும்படியும் போக உங்களுக்கு வாய்க்கும் காலம் இதுதான். நால்வரும் ஒரே ரைடில் சேர்ந்து உட்காரலாம் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அக்கா ஏறுகிறாள், தம்பி கீழே நின்று அழுகிறான் என்ற நிலை ஒரு நாளில் நான்கு தடவை வந்தால் எல்லோருடைய பொறுமையும் போய்விடும்.

மகளின் 104 எப்போது அளந்தது? பாலர் பள்ளியில் போன தவணை எழுதிக் கொடுத்த எண்ணாக இருந்தால் நம்ப வேண்டாம். ஐந்து வயதில் ஆறு மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுவது இயல்பு. ஆகஸ்ட்டில் அவள் 107 தொட்டிருந்தால் ஜுராசிக் சவாரியும் கணக்கில் சேரும். வீட்டிலேயே சரியாக அளக்கலாம். காலணியைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தின் முதுகைச் சுவரோடு ஒட்டி, மெல்ல இறக்கித் தலையில் உட்காரவையுங்கள். கொண்டை, உச்சிக் குடுமி, ஹேர்பேண்ட் எதுவும் கூடாது. வாசலில் ஊழியர்களும் அதைக் கழற்றச் சொல்லலாம். புத்தகத்தின் அடிவிளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். இதை மாலையில் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம், நின்று நடந்து முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கியதும் மாலைக்குள் சற்றுக் குறையும். காலையில் 107 காட்டிய பிள்ளை, மூன்று மணிக்கு வாசல் அளவுகோலுக்குக் கீழே நிற்கக்கூடும்.

எல்லைக்கோட்டில் இருந்தால் தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போட்டு உயர்த்திக் காட்ட முயல வேண்டாம். அந்த எண் பாதுகாப்புக் கம்பி எந்த உடம்பைப் பிடித்து நிறுத்தும் என்று பார்த்து வைத்தது. எந்த ரைடில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே மகளிடம் சொல்லிவிடுங்கள். சுவரில் போட்ட கோட்டைக் காட்டி, “இது இங்கே வரும்போது அது” என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். நாற்பது நிமிடம் வரிசையில் நின்றபின் முகம் தெரியாத ஒருவர் முடியாது என்று சொல்லக் கேட்பதுதான் அவளை உடைக்கும்.

தேதியைப் பற்றி. இரண்டு பிள்ளைகளும் தொடக்கப்பள்ளிக்குப் போகாதது உங்களுக்குப் பெரிய வசதி. இன்னும் இரண்டு ஆண்டில் அது போய்விடும், இப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் கடைசியிலிருந்து ஆண்டு முடியும்வரை: இந்தப் பள்ளி விடுமுறைகளைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவின் கோடை விடுமுறைப் பயணிகளும் ஜூனில்தான் வந்து சேர்வார்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் விடுமுறைக்கு முன்வரை, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் எடுங்கள். தேசிய தினத்தை ஒட்டிய நாள்கள் வேண்டாம். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு ஹாலோவீன் நிகழ்ச்சி தொடங்கினால், அந்த நாள்களில் பகல் நேரப் பூங்கா முன்னதாகவே மூடப்படும். மத்தியானம் தூங்கி எழுந்து திரும்பும் குடும்பத்துக்கு அது நேரடி இழப்பு.

நுழைவுச்சீட்டு தேதி குறித்தே விற்கப்படுகிறது. 13 வயதிலிருந்து பெரியவர் கட்டணம், 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம், 60 வயதிலிருந்து மூத்தோர் கட்டணம். உள்ளூர்வாசிகளுக்கான சலுகை வரும், போகும். வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள். மகனின் வயதைக் காட்டக் கடப்பிதழின் படம் ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும்.

எக்ஸ்பிரஸ் ஏன் வேண்டாம்? அது நுழைவுச்சீட்டோடு சேர்த்துத் தனியாக வாங்குவது, ஆளுக்கு ஒன்று. கூட்ட நாள்களில் நுழைவுக் கட்டணத்தையே நெருங்கும். கொடுக்கும் காசின் பெரும்பங்கு மம்மி, பேட்டில்ஸ்டார், ஜுராசிக் போன்ற நீண்ட வரிசைகளைத் தாண்டுவதற்குத்தான், அதில் பாதியில் உங்கள் மகள் ஏறவே முடியாது. மகனுக்கான ரைடுகளில் வாரநாளில் வரிசை பெரிதாக இருக்காது. விடுமுறைக் காலத்தில்தான் போயாக வேண்டும், மகள் 122 தாண்டியவள் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

எக்ஸ்பிரஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பலர் கேட்பதே இல்லை. அதற்குப் பெயர் சைல்ட் ஸ்விட்ச். உயரம் போதாத பிள்ளை கூட இருக்கிறது என்று ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் வரிசையில் சேரும் முன்பே சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருப்பார். அவர் வந்ததும் பிள்ளையை மாற்றிக்கொண்டு இவர் ஏறுவார், மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டாம். வரிசையில் பாதி தூரம் போனபின் கேட்டால் குழப்பம்தான்.

இனி நாளின் அமைப்பு. காலை பத்திலிருந்து மாலை ஏழுவரை ஒன்பது மணி நேரம் என்று எண்ணாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளோடு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு துண்டு: காலையில் இரண்டு மணி நேரம், தூங்கி எழுந்தபின் மூன்று மணி நேரம். நடுவே உள்ளது சாப்பாடும் தூக்கமும். பிற்பகல் தூக்கத்தை விட்டுவிட்டு, “காசு கொடுத்தோமே” என்று இழுத்துக்கொண்டு அலையும் குடும்பங்கள் மூன்று மணிக்குச் சண்டையோடு வெளியே வருவதை வாசலில் சுழலும் அந்தப் பூமிப் பந்துக்குப் பக்கத்தில் நின்றால் எந்த நாளும் பார்க்கலாம். வெயிலும் பசியும் தூக்கமும் ஒன்றுசேர்ந்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் ஆகும்.

செங்காங்கிலிருந்து வடகிழக்குத் தடத்தில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போகலாம். எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் கூட்டம் நெரியும், ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டி வரும். எட்டரைக்கு ஏறுங்கள். ரயிலைவிட அதற்குப் பிறகுள்ள தூரத்தைத்தான் பலர் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். தீவுக்குப் போகும் மோனோரயிலான செந்தோசா எக்ஸ்பிரஸ், நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி பேரங்காடியின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. நிலத்தடி நிலையத்திலிருந்து ஸ்ட்ரோலரோடு மின்தூக்கி பிடித்து, மாறி, மேலே வர கால் மணி நேரம் பிடிக்கும். கட்டணத்தை ஈஸி-லிங்க் அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டியே கட்டலாம். முதல் நிறுத்தம் ரிசார்ட்ஸ் வேர்ல்ட், அங்கே இறங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது கட்டணம் இல்லை. ஒன்பதரைக்குள் பூங்கா வாசலில் நின்றால், கழிப்பறைக்குப் போய், கிரீம் தடவி, அமைதியாக உள்ளே நுழையலாம்.

பூங்கா ஒரு நீர்நிலையைச் சுற்றிய வட்டம். ஹாலிவுட்டில் நுழைகிறீர்கள். ஒரு பக்கம் நியூயார்க், சை-ஃபை சிட்டி, எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட். மறுபக்கம் மினியன் லேண்ட், ஃபார் ஃபார் அவே. வாசல் திறந்ததும் மினியன் லேண்டுக்கு நேராகப் போங்கள். 2025 பிப்ரவரியில்தான் அது திறந்தது, முன்பு மடகாஸ்கர் இருந்த இடம். புதிதாக வந்ததை முதலில் பார்க்கத்தான் எல்லோரும் நினைப்பார்கள், அதனால் பதினோரு மணிக்குள் அங்கே வரிசை கூடிவிடும். அப்பா மகளோடு மினியன் மேஹெமில் நிற்கட்டும். அம்மா மகனை பக்கி பூகி ராட்டினத்துக்கு அழைத்துப் போகட்டும். பெரியவர்களே, மேஹெமில் இருக்கை குலுங்கும். கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் அதைத் தவிருங்கள்.

அடுத்து ஃபார் ஃபார் அவே. இங்கே வரிசைமுறை முக்கியம்: முதலில் என்சான்ட்டட் ஏர்வேஸ், பிறகுதான் பஸ் இன் பூட்ஸ். ஏர்வேஸ் பிள்ளைகளுக்கான சிறிய ரோலர் கோஸ்டர், சீக்கிரமே முடிந்துவிடும். இறங்கும்போது மகளின் முகத்தைப் பாருங்கள். “இன்னொரு தடவை” என்றால் பஸ் இன் பூட்ஸுக்குப் போகலாம். உதட்டைக் கடித்துக்கொண்டு உங்கள் கையை விடாமல் இருந்தால் அன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். ஒரே ஒரு பயந்த அனுபவம் அடுத்த மூன்று ஆண்டுக்கு எந்த ரைடையும் கிட்டே சேர்க்கவிடாமல் செய்துவிடும். இதே காரணத்தால் 102 தாண்டியிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர்ஸை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்வேன். இருட்டு, பெருஞ்சத்தம், முகத்துக்கு நேராக வெடிக்கும் காட்சி. போதாததற்கு முப்பரிமாணக் கண்ணாடி ஐந்து வயது மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும்.

பதினொன்றரைக்குள் லாஸ்ட் வேர்ல்டில் கேனப்பி ஃபிளையருக்குப் போய்விடுங்கள். பார்க்க வரிசை சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரு தொங்குவண்டியில் சில பேர்தான் உட்கார முடியும் என்பதால் மெதுவாகவே நகரும். பாதிப் பேர் முன்னோக்கி, பாதிப் பேர் பின்னோக்கி. முதல் தடவை ஏறும் பிள்ளையை முன்பக்கம் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்திலேயே ‘டைனோ-சோரின்’ என்ற ரைடு இருக்கிறது, மகனுக்கு அதுவே போதுமான ஆனந்தம்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒரு மணிக்கு எல்லா உணவகத்திலும் தட்டோடு இடம் தேடி நிற்க வேண்டி வரும். எகிப்துப் பகுதியின் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய, மத்திய கிழக்கு வகை உணவு கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் பூங்காவுக்குள் தெரிவு குறைவு. வெளியே வர மனமிருந்தால், வாசலில் மறுநுழைவு முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து சாப்பிட்டுத் திரும்பலாம்.

வெளி உணவுக்கு உள்ளே அனுமதியில்லை, குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு. மகனுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவதே நல்லது, புது இடத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் புது உணவைத் தொட மாட்டார்கள். சூடு தாங்கும் வாய் அகன்ற குடுவையில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். நீரைக் கொட்டியதும், ஆவி பறக்கும் நெய்ப் பருப்புச் சோற்றைக் கழுத்துவரை நிரப்பி உடனே மூடுங்கள். அரைகுறையாக நிரப்பினால் உள்ளிருக்கும் காற்றே சோற்றை ஆறவைக்கும். எட்டு மணிக்கு அடைத்தால் பன்னிரண்டுக்கு இன்னும் சூடாகவே இருக்கும். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலையே பெரும்பகுதி ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்து, குளிர்காப்புப் பையில் ஐஸ் கட்டியோடு வையுங்கள். முழுக்கத் தயிரில் பிசைந்தது நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்தரைக்கே புளித்துவிடும். குடுவையைத் திறந்தபின் மிச்சத்தை மாலைக்கு வைக்க வேண்டாம்.

பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை ஸ்ட்ரோலரில் தூக்கம். அதனால்தான் முதுகு சாயும் ஸ்ட்ரோலரைச் சொந்தமாகக் கொண்டு போகச் சொல்வேன். வாடகை வண்டி கிடைக்கும், ஆனால் அதில் பிள்ளை நீட்டிப் படுக்க முடியாது. ஸ்ட்ரோலரின் மேல் துணியைப் போட்டு முழுக்க மூடாதீர்கள். உள்ளே காற்று அடைபட்டு, வெளியே இருப்பதைவிடச் சூடு ஏறிவிடும். நிழலோ குளிரூட்டிய இடமோ பார்த்து, கூரையை மட்டும் இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் மகளும் உட்காரட்டும். ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் போதும்.

பிற்பகலுக்கு சீசமி ஸ்ட்ரீட் ஸ்பாகெட்டி ஸ்பேஸ் சேஸ். நியூயார்க் பகுதியில் இருக்கிறது, குளிரூட்டியது, குறைந்தபட்ச உயரம் கிடையாது. தூங்கி எழுந்த பிள்ளைக்கு மெதுவாக உற்சாகம் வர இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நான்கு மணிக்குப் பிறகு எகிப்தில் டிரெஷர் ஹன்டர்ஸ். ஜீப்பில் தடத்தின் மேல் மெல்ல ஊர்ந்து போவதுதான், ஆனால் இருவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளலாம். திறந்தவெளி என்பதால் நடுப்பகலில் வேண்டாம். வாட்டர்வேர்ல்ட் நிகழ்ச்சிக்கு மணி குறித்திருப்பார்கள், காலையிலேயே பார்த்துவையுங்கள். வெடியும் நெருப்பும் உண்டு, மகன் மிரளலாம். மேல்வரிசையில் வழியோரம் உட்கார்ந்தால் எழுந்துபோவது எளிது. முன்வரிசைகள் நனையும்.

மழையைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, விடியற்காலையிலோ முற்பகலிலோ பலத்த காற்றோடு வரும் சுமத்ரா மழை பொதுவாக ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மழையைவிட மின்னல்தான் ரைடை நிறுத்தும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் திறந்தவெளி ரைடுகள் நிற்கும், எப்போது மீண்டும் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு பிள்ளைகளோடு அந்த வரிசையில் காத்திருக்காமல் வெளியேறி உள்ளரங்க ரைடுகளுக்குப் போங்கள். காலையிலேயே மழை என்றால் மேலே சொன்ன முறையைப் புரட்டிவிடுங்கள்: சீசமி முதலில், ஏர்வேஸும் கேனப்பியும் மாலையில். மழை விட்டதும் பலர் வீடு திரும்பியிருப்பார்கள், அடுத்த முக்கால் மணி நேரத்தில் வரிசைகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுருங்கும். மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை தெரியும்.

பையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் போத்தல் (உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்), மகனுக்கு ஐந்து டயப்பர், இரண்டு மாற்றுடை, மகளுக்கு ஒன்று, ஈரத்துணி போட இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பை, மழையங்கி, ஸ்ட்ரோலருக்கு மழைத்திரை, தொப்பி. கழிப்பறைப் பழக்கம் பாதியில் இருக்கும் பிள்ளைக்கு அன்று ஒருநாள் டயப்பரே கட்டுங்கள். வரிசையின் நடுவிலிருந்து ஓட முடியாது. பின்புறம் வார் இல்லாத செருப்பு வேண்டாம், காற்றில் தொங்கும் ரைடுகளில் கழன்று விழும். குடையைவிட மழையங்கி நல்லது, ஸ்ட்ரோலரைத் தள்ள இரண்டு கையும் வேண்டுமே.

வாசலில் நுழையும் முன் இரண்டு பிள்ளைகளையும் அன்றைய உடையில் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்துவிடுங்கள். தொலைந்தால், “நீலச் சட்டையா, பச்சையா?” என்று பதறும் நேரம் மிச்சமாகும். கைப்பட்டையின் உட்புறம் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள், பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அம்மா தெரியவில்லை என்றால் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், சட்டையில் பெயர்ப் பட்டை போட்டிருக்கும் அக்காவையோ அண்ணனையோ கூப்பிடு. வீட்டில் இரண்டு முறை நடித்துக் காட்டுங்கள்.

ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். இருவரும் தூங்கிப்போயிருந்தால் டாக்சி பிடிக்கத் தோன்றும். 1.35 மீட்டருக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் காரில் சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. சாதாரண கார் பதிவுசெய்துவிட்டு, ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்து மறுத்துவிட்டால், தூங்கும் இரண்டு பேரையும் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி காத்திருக்க வேண்டும். சிறுவர் இருக்கையோடு வரும் சேவையையோ டாக்சியையோ நேராகப் பதியுங்கள்.

தாத்தா பாட்டிக்கு வருவோம். அவர்களையும் அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இரத்த அழுத்தமோ மூட்டுவலியோ இருந்தால் யுனிவர்சலின் பெரும்பாலான ரைடுகள் அவர்களுக்கு விலக்கு. எஞ்சுவது நிகழ்ச்சிகளும் காத்திருப்பும். அதற்கு இரண்டு மூத்தோர் சீட்டு அதிகச் செலவு, அவர்களுக்கும் அலுப்பு. சுழலும் பூமிப் பந்தோடு படம் எடுக்க நுழைவுச்சீட்டே வேண்டாம். ஒரு மாலை விவோசிட்டியிலிருந்து போர்டுவாக் வழியாக நடந்து போய் எடுத்து வரலாம், நடைபாதைக்குக் கட்டணம் இல்லை.

ஜூனில் ஆறு பேரும் சேர்ந்து மகிழும் இடம் மண்டாய் விலங்கியல் தோட்டம். காலை எட்டரைக்கே திறக்கும், பள்ளி விடுமுறை என்றாலும் பத்து மணிவரை கூட்டம் பொறுக்கும்படி இருக்கும். தலைக்கு மேல் மரங்களில் ஒராங்ஊத்தான் திரியும், பாட்டி அங்கேயே அரை மணி நேரம் நிற்பார். நடக்க முடியாவிட்டால் டிராம் உண்டு. கடைசியில் கிட்ஸ்வேர்ல்டில் தண்ணீர் விளையாட்டு, அதை முதலில் காட்டினால் பிள்ளைகள் வேறெதையும் பார்க்க விடமாட்டார்கள். மூன்று வயதுக்குள் உள்ளவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. செங்காங்கிலிருந்து ஆறு பேருக்கு ஒரு மேக்சி கேப் பதிவது, ரயிலும் பேருந்தும் மாறுவதைவிட அமைதியானது. ஒரு மணிக்குள் முடித்து வீடு திரும்பி எல்லோரும் தூங்கட்டும். மண்டாயில் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினால் மலிவு என்று ஆசை காட்டும், ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஜூனில் யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள்: ஜொகூரில் லீகோலேண்ட். பிள்ளைகளின் வயதுக்கு அது உண்மையில் பொருத்தமானது, மூன்று முதல் ஐந்து வயதுக்கென்றே தனிக் கார் ஓட்டும் பள்ளி இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைவிடத் துவாஸ் சோதனைச்சாவடிக்கு அது அருகில். நிழல் குறைவு, தொப்பி மறக்காதீர்கள். ஆனால் தாத்தா பாட்டியை அழைத்துப் போகும் முன் அவர்களுடைய சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைய மட்டும் அனுமதிக்கும் விசாவாக இருந்தால், மலேசியாவுக்குள் போனபின் திரும்பி வர முடியாது. பலமுறை நுழையும் விசாவாக இருந்தாலும் திரும்பும்போது அவர்களுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை, சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். கடப்பிதழ்கள் ஆறு மாதமாவது செல்லுபடியாகின்றனவா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுடையது பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும்.